கேட்டது நிற்காத நாட்கள்

அன்று காலை தரணேந்திரன் சார் சொன்ன வாக்கியத்தில் கடைசி இரண்டு சொற்கள்தான் எனக்குக் கிடைத்தன. முன்னால் வந்ததெல்லாம் போய்விட்டது.

செஞ்சியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் அவருடைய பத்திரம் எழுதும் ஆபீஸ். பதினெட்டு வருஷமாக நான் அங்கே டைப்பிஸ்ட். பழைய பத்திரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சார் சொல்லிக்கொண்டே போவார். நான் தலையைத் தூக்காமல் அடித்துக்கொண்டே போவேன். அவர் வாய்க்கும் என் விரலுக்கும் நடுவே எப்போதும் ஒரு வாக்கிய தூரம் இருக்கும். அவர் தெற்கு எல்லைக்கு வந்திருப்பார், நான் இன்னும் கிழக்கு எல்லையை அடித்துக்கொண்டிருப்பேன். நடுவில் இருந்த அந்த ஒரு வாக்கியம் அதுவரை எங்கே தங்கியிருந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

“அடிச்சிட்டியாம்மா?” என்றார் சார்.

“திரும்பச் சொல்லுங்க சார்.”

“முருகேசன் நிலத்துக்கு மேற்கு, ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு, கன்னியப்பன் நிலத்துக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு.”

‘வண்டிப்பாதைக்கு வடக்கு’ என்று அடித்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் மறுபடி சொன்னார். மறுபடியும் கடைசித் துண்டுதான் நின்றது. காது நன்றாகக் கேட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்தது. அடுத்த சொல் வந்ததும் முந்தியது நழுவிப் போனது. மூன்றாம் தடவை சார் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னாம்மா பிலோமினா, ஒடம்பு சரியில்லியா?”

“ஒண்ணுமில்ல சார். தல வலிக்குது.”

அதுவும் உண்மைதான். தலை வலித்தது. வலது கையில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பும் இருந்தது. மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பழைய பத்திரத்தைப் பார்த்துப் பார்த்து அடித்து அன்றைய நாளை ஒப்பேற்றினேன். மறுநாளும் அப்படியே போனது. அந்த இரண்டு நாட்களை நான் வீணாக்கியிருக்கக் கூடாது. பேச்சிலோ கேட்பதிலோ கையிலோ திடீரென்று ஒரு மாற்றம் வந்தால் அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பிறகு ஒவ்வொரு டாக்டரும் என்னிடம் சொன்னார். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவதும் அதுதான்.

கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர் சவரிமுத்து. அனந்தபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் காலை, “தக்காளி, பச்சமொளகா, பாலு, ஒரு நூல்கண்டு வாங்கியா” என்று என்னைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பினார். நான் நூல்கண்டோடு வந்து நின்றேன். சிரித்தார். “தக்காளி எங்கடி?” என்றார். “கத்தாளியா?” என்று கேட்டேன். திருத்திச் சொல்லப் பார்த்தேன், மறுபடியும் அப்படியே வந்தது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இரண்டாம் முறையும் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். சிரிக்கச் சொன்னார் டாக்டர். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். பிறகு, “நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுங்க. நேத்து மழை பேஞ்சதால ஏரிக்குத் தண்ணி வந்துச்சுன்னு எங்க மாமா சொன்னாரு” என்றார்.

“ஏரி... ரொம்பிடுச்சாம், யாரோ சொன்னாங்க.”

டாக்டர் தலையாட்டினார். “அர்த்தம் வருது, வார்த்தை வரல. மூளைக்குப் போற ரத்தக்குழாயில அடைப்பு மாதிரி தெரியுது. புதுச்சேரிக்கு அனுப்புறேன், ஒடனே கெளம்புங்க.”

ஆம்புலன்சில் ஏறியபோதுதான் பயம் வந்தது. திண்டிவனத்தில் கல்லூரி படிக்கும் மகள் ஜெனிட்டாவுக்கு என் வீட்டுக்காரர் போன் செய்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் எங்களுக்கு முன்னாலேயே பஸ் பிடித்து வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தாள். கல்லூரிப் பை தோளில் அப்படியே தொங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, என் பேரு இன்னா?”

“ஜெனிட்டா.”

“என் பொறந்த நாளு?”

சொன்னேன். பிறந்த கிழமை, அன்று பெய்த மழை, பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் பெயர் வரைக்கும் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் மாதிரி ஒன்றுக்குள் படுக்க வைத்துச் சம்மட்டியால் அடிப்பதுபோலச் சத்தம். முடிந்ததும் நரம்பியல் டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார். இடது காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அந்த இடத்துக்குப் போகும் சிறிய ரத்தக்குழாய்க் கிளை ஒன்று அடைபட்டு, ரத்தம் கிடைக்காமல் அந்தத் துளி மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது. பல வருஷமாகக் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம்தான் காரணமாக இருக்கும் என்றார். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று. அறுவை சிகிச்சை வேண்டாம். கொஞ்ச நாள் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேனுக்கு எவ்வளவு ஆயிற்று என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “சொன்னா மட்டும் ஒனக்கு நெனப்புல நிக்கவா போவுது?” என்றார். நோய் வந்த பிறகு நான் முதல்முறை சிரித்தது அப்போதுதான்.

வார்டில் இரண்டாம் நாள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. ஜெனிட்டா மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். வார்டு அம்மா ஒருவர், “நேரா போயி, ரைட்ல திரும்பி, ரெண்டாவது படிக்கட்டு எறங்குனா எதிர்ல பச்சக் கதவு” என்றார். தெரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு நடந்தேன். ‘பச்சக் கதவு’ மட்டும்தான் என்னோடு வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் எல்லாக் கதவும் பச்சை. ஒரு கதவைத் தள்ளினால் துணி துவைக்கும் இடம். இன்னொன்றுக்குள் ஏதோ மீட்டிங். திரும்பி வார்டுக்குப் போகவும் தெரியாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்து நான்கு வயதில் தொலைந்துபோன குழந்தைபோல உட்கார்ந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. இது மறதி நோயின் ஆரம்பமா, நாளைக்குப் பெற்ற மகளின் முகமும் போய்விடுமா என்ற நினைப்பும் வந்தது.

ஜெனிட்டா தேடிக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவள் பேசும் விதமே மாறியது. “அம்மா, எழுந்திரு” என்பாள். எழுந்த பிறகு, “செருப்ப மாட்டு” என்பாள். மாட்டிய பிறகு, “டாக்டர் வராரு” என்பாள். ஒரு வாக்கியத்தை இட்லியைப் பிட்டு ஊட்டுவதுபோலப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தாள். அப்படிச் செய் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்றாம் நாள் மதியம் என்னைப் பார்க்க வித்யா மேடம் வந்தார். மூளை பாதித்தவர்களின் நினைவையும் பேச்சையும் சோதித்துப் பார்க்கிற உளவியலாளர். முப்பது வயதுகூட இருக்காது. ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டார்.

“நான் சொல்ற நம்பர அப்படியே சொல்லுங்கம்மா. ஏழு, ரெண்டு.”

“ஏழு, ரெண்டு.”

“அஞ்சு, ஒம்போது, மூணு.”

“அஞ்சு... மூணு.”

“பரவால்ல. ஆறு, ஒண்ணு, எட்டு.”

“எட்டு.”

மூன்று எண். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் அவசரப்படவில்லை. நான் முகத்தைத் துடைக்கும் வரைக்கும் இருந்துவிட்டு, பையிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். அதில் ஒன்பது மரக்கட்டைகள் அங்கங்கே ஒட்டியிருந்தன. அவர் விரலால் இரண்டு கட்டைகளைத் தொட்டார். நானும் அதே வரிசையில் தொட்டேன். மூன்று தொட்டார், தொட்டேன். நான்கு. ஐந்து. ஆறாவதில்தான் தவறினேன்.

“பாத்தீங்களா?” என்றார். “இது ஏறக்குறைய எல்லாரும் பண்ற அளவு. உங்களுக்கு வந்திருக்கறது மறதி நோய் இல்லம்மா.”

என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழுந்து நின்றார். “அப்ப இன்னாதான் மேடம் இது?”

மேடம் சொன்னதை அன்று நான் முழுதாகப் பிடிக்கவில்லை. பிறகு ஜெனிட்டா எனக்கு எழுதிக் கொடுத்தாள். அதைப் பல தடவை படித்துத்தான் என் பாஷையில் இங்கே சொல்கிறேன்.

நினைவு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரே பொருள் அல்ல. பிள்ளை பிறந்த நாள், ஜெபங்கள், ஊர்ப் பெயர்கள், தொழில் எல்லாம் நெடுநாள் நினைவு. எனக்கு அது பத்திரமாக இருந்தது. இன்னொன்று, சில நொடிகள் மட்டும் ஒரு விஷயத்தைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு அதை வைத்து வேலை செய்யும் நினைவு. ஒருவர் போன் நம்பர் சொல்கிறார், நாம் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போய் அழுத்துகிறோம். அழுத்தி முடித்ததும் மறந்துவிடுகிறது. மறந்தால் குற்றமும் இல்லை, அது அதற்கான இடம்தான். அந்த இடம் எல்லோருக்குமே சிறியது. நன்றாக இருக்கிறவர்களுக்கே ஐந்தாறு எண்ணுக்கு மேல் போனால் தடுமாறும். அதனால்தான் பத்து எண் கொண்ட செல் நம்பரை ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்கிறோம்.

அந்த வேலைநினைவுக்குள்ளும் பிரிவு இருக்கிறதாம். காதால் கேட்ட சொல்லை ஒலியாகவே வைத்திருப்பது ஒன்று. மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளாவிட்டால் அது இரண்டே நொடியில் கரைந்துவிடும். கண்ணால் பார்த்த உருவத்தையும் இடத்தையும் வைத்திருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் மேலே, எதைக் கவனிப்பது எதை விடுவது என்று வேலை பிரித்துக் கொடுக்கும் ஒரு மேஸ்திரி.

“உங்க மேஸ்திரி நல்லா இருக்காரு. கண்ணோட இடமும் நல்லா இருக்கு. காதோட இடத்துலதான் அடி” என்றார் வித்யா மேடம். நினைவை ஆராய்கிறவர்கள் எல்லோரும் இப்படியே சொல்வதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. தனித்தனி அறைகள் என்று எதுவும் கிடையாது, நெடுநாள் நினைவிலேயே நம் கவனத்தின் டார்ச் வெளிச்சம் படுகிற சின்ன வட்டம்தான் இது என்று சொல்கிறவர்களும் உண்டாம். “எப்படிச் சொன்னாலும் வட்டம் சின்னதுதாம்மா. அது பெரிய மனுஷங்களுக்கும் சின்னதுதான்.”

என் வீட்டுக்காரர் கேட்டார்: “மேடம், நான் கையால காயில் சுத்துறப்ப எண்ணிக்கினே சுத்துவேன். அறுவத்தி மூணு, அறுவத்தி நாலுன்னு. நடுவுல எவனாச்சும் வந்து ‘இன்னா சவரி, சாப்டியா’ன்னு கேட்டுட்டான்னா எண்ணிக்கை போயிடும். பிரிச்சி மறுபடி மொதல்லேர்ந்து சுத்தணும். அந்த மாதிரிங்களா?”

“அதேதான். உங்களுக்கு யாராவது கூப்பிட்டாத்தான் போகுது. அவங்களுக்கு யாரும் கூப்பிடாமலே போகுது.”

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். “அது எவ்ளோ எரிச்சலா இருக்கும்னு எனக்குத் தெரியும், பிலோமி” என்றார். இருபத்திரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் என் வலியை இவ்வளவு சரியாகத் தொட்டது அதற்கு முன் இல்லை.

“பயிற்சி பண்ணா சரியாயிடுமா?” என்று ஜெனிட்டா கேட்டாள்.

“முதல் சில மாசத்துல மூளை தானாவே கொஞ்சம் சரி பண்ணிக்கும். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நம்பர் விளையாட்டு தினமும் ஆடினா நம்பர் விளையாட்டுல கெட்டிக்காரி ஆவீங்க, அவ்வளவுதான். அந்த இடத்தையே பெருசாக்கலாம்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இருக்கற நல்ல இடத்துக்கு வேலைய மாத்தலாம்.”

இந்தக் கடைசி வார்த்தை எனக்குள் விழுந்து நின்றது. எப்படி நின்றது என்று தெரியவில்லை, ஆனால் நின்றது.

மறுநாள் சாப்பிட்ட பிறகு ஜெனிட்டாவிடம் என் போனைக் கொடுத்தேன். சரிபார்ப்பதற்காகப் பத்திர நகல்களைப் படமெடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. “ஏதாச்சும் ஒரு பத்திரத்த எடு. நாலு எல்லையப் படி” என்றேன்.

“நாலையுமா?”

“ஒண்ணொண்ணா படி.”

மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு சதுரம் போட்டேன். அவள் படித்தாள்: “அந்தோணி நிலத்துக்கு மேற்கு.”

அந்தோணி நிலத்துக்கு மேற்கே நம் நிலம் என்றால், நமக்குக் கிழக்கே அந்தோணி. இந்தத் திருப்பல்தான் கஷ்டம். பிடித்து வைத்திருப்பது ஒரு வேலை, பிடித்ததைத் திருப்பிப் போடுவது அதைவிடப் பெரிய வேலை. சதுரத்தின் கிழக்கு ஓரத்தில் அந்தோணி என்று எழுதினேன். அடுத்தது சொல்லச் சொன்னேன். வடக்கே ஓடை. மேற்கே பஞ்சாயத்து ரோடு. தெற்கே ஆரோக்கியசாமியின் கொல்லை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போட்டது. நான்கும் நிரம்பியதும் சீட்டைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தேன். ஓடையும் ரோடும் கொல்லையும் உள்ள ஒரு துண்டு நிலமாக அதைப் பார்த்தேன். பிறகு சீட்டைக் கவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடினேன்.

“அந்தோணி நிலத்துக்கு மேற்கு. ஓடைக்குத் தெற்கு. பஞ்சாயத்து ரோட்டுக்குக் கிழக்கு. ஆரோக்கியசாமி கொல்லைக்கு வடக்கு.”

ஜெனிட்டா எழுந்து நின்று, “அம்மா!” என்று கத்தினாள். நர்ஸ் ஓடி வந்தார், என்னவோ ஏதோவென்று. ஒன்றுமில்லை என்று அவரை அனுப்புவதற்குள் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். நோய் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாதியில் நான் விழிப்பதைப் பார்த்து, காது போய்விட்டது என்று நினைத்துக் கத்தினார்கள். சிலர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம், “இப்ப எப்புடி இருக்குது அதுக்கு?” என்று கேட்டார்கள். அந்த ‘அது’ என்ற சொல் மட்டும் நன்றாகத் தங்கியது. ஒருநாள் கேஸ் சிலிண்டர்காரர் போனில் வந்த நம்பரைக் கேட்க, என் வீட்டுக்காரர் உள்ளிருந்து ஆறு எண்ணையும் ஒரே மூச்சில் சொல்ல, நான் டம்ளரைத் தூக்கிப் போட்டு உடைத்தேன். அவர் துண்டுகளைப் பொறுக்கினார். பிறகு வெளியே வந்து இரண்டிரண்டாகச் சொன்னார்.

மாதா கோயிலில் சாமியாரின் பிரசங்கம் பாதிக்கு மேல் ஓடிப் போனது. பாட்டுகள் மட்டும் ஒரு சொல் குறையாமல் வந்தன, அவை நெடுநாள் இடத்தில் இருப்பவை. ஜெபமாலை சொல்வதிலும் கஷ்டம் இல்லை. எத்தனை அருள்நிறை மந்திரம் ஆயிற்று என்று மனசு எண்ண வேண்டாம், மணி எண்ணுகிறது. யாரோ என் போன்றவர்களுக்காகவே இதைக் கண்டுபிடித்ததுபோல இருந்தது.

இரண்டரை மாதம் கழித்து ஆபீசுக்குப் போனேன். ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்திருந்தது. எண்கள் மூன்றும் சில நாள் நான்கும் நின்றன. சார் சந்தோஷப்பட்டார், ஆனால் மறைக்காமலும் பேசினார். நைனார் என்று சொல்லும் சமணக் குடும்பத்து மனுஷர், அவருக்குப் பொய் வராது.

“ஏம்மா, ஒரு எல்லை மாறிப்போனா என்ன ஆவும்னு ஒனக்கு நான் சொல்லணுமா? பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுக்கினு ஜனங்க அலையணும். நாளைக்கு கோர்ட்டுக்குப் போவாங்க.”

“நீங்க சொல்லி நான் அடிக்க வேணாம் சார். பார்ட்டிங்க என் எதிர்ல உக்காரட்டும். ஒவ்வொரு பக்கமா சொல்லட்டும். நான் படம் போட்டுக்கறேன். படத்தப் பாத்து அடிக்கறேன்.”

“முகூர்த்த நாள்ல பத்து பேரு வரிசையில நிக்கறப்ப படம் போட்டுக்கினு இருக்க முடியுமா?”

“ஒரு வாரம் குடுங்க சார்.”

கொடுத்தார். முதல் நாள் ஆமை வேகம். ஒருவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பக்கத்து ஆபீசுக்கு எழுந்து போனார். இரண்டாம் நாள் தெற்கையும் வடக்கையும் மாற்றிப் போட்டேன். அடிப்பதற்கு முன்பே கண்ணில் பட்டது, தாளைக் கிழித்துவிட்டு மறுபடி போட்டேன். வீட்டுக்குப் போய், “வேணாங்க, நின்னுடறேன்” என்றேன். “ஒரு வாரம்னு சொன்ன. அஞ்சு நாளு இருக்குது இன்னும்” என்றார் அவர்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்து, “திரும்பச் சொல்லு” என்று கேட்டால், சத்தமாகச் சொல்லாதீர்கள். சின்னதாகச் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். எழுதிக் காட்டுங்கள், படம் போடுங்கள். ஏழாவது தடவை கேட்கும்போது அவர் ஏற்கெனவே ஆறு தடவை வெட்கப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் தொண்டூரிலிருந்து அண்ணன் தம்பி இருவர் பாகப்பிரிவினைக்கு வந்தார்கள். அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். அப்பா விட்டுப்போன நிலத்தைச் சண்டை இல்லாமல் பேசி இரண்டாகப் பிரித்துக்கொண்டு, அதை ஒரு தாளில் எழுதியும் கொண்டுவந்திருந்தார்கள். தெற்குப் பாகம் அண்ணனுக்கு, கிணறு இருக்கும் வடக்குப் பாகம் தம்பிக்கு, கிணற்றுத் தண்ணீர் இருவருக்கும் பொது. சார் தாளைப் படித்தார். “சரியா இருக்குதும்மா, அடிச்சிடு” என்று என்னிடம் கொடுத்தார்.

வேறு ஆளாக இருந்தால் பார்த்து அப்படியே அடித்திருப்பார். நீளமான அந்த வாக்கியங்களை என்னால் அப்படி விழுங்க முடியவில்லை. “ஒரு நிமிஷம் அண்ணா, உக்காருங்க” என்று வெள்ளைத்தாளை எடுத்தேன். “மொத்த நெலத்துக்கும் கெழக்கால யாரு?”

“எங்க பெரியப்பா பையன்” என்றார் அண்ணன்.

எழுதினேன். “மேற்கால?”

“சந்திரநாதன் நெலம்.”

“வடக்கால?”

“ஏரி வாய்க்கா.”

“தெக்கால?”

“ரோடு.”

நடுவே குறுக்காக ஒரு கோடு போட்டேன். கீழே அண்ணன் பெயர், மேலே தம்பி பெயர், மேலே ஒரு சின்ன வட்டம் கிணறு. சரியா என்று கேட்க, தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.

தம்பி தலையாட்டினார். அண்ணன் ஆட்டவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் விரல் தெற்கே ரோட்டிலிருந்து மெதுவாக மேலே ஏறி, நான் போட்ட குறுக்குக் கோட்டில் வந்து நின்றது.

“டேய்,” என்றார் தம்பியைப் பார்த்து. “நீ எது வழியா உள்ள போவ?”

தம்பி பார்த்தார். கிழக்கே பெரியப்பா மகன், மேற்கே அடுத்தவர் நிலம், வடக்கே வாய்க்கால், தெற்கே அண்ணன். நான்கு பக்கமும் பெயர் எழுதியிருந்தது. ஒரு பக்கத்திலும் வழி இல்லை.

“இத்தினி நாளும் ஒண்ணாவே இருந்துச்சுல்ல, அதான் தோணல” என்றார் தம்பி.

“எனக்கும்தான் தோணல. நாம ரெண்டு பேரும் இருக்கற வரிக்கும் நீ என் வரப்பு மேல நடப்ப, நான் கேக்க மாட்டேன். நாளைக்கு நம்ம பசங்க?” அண்ணன் சார் பக்கம் திரும்பினார். “சார், என் பாகத்துல மேக்கு ஓரமா வழி விட்டுடறேன். டிராக்டர் போவுற மாதிரி. அதையும் எழுதிடுங்க.”

சார் எழுந்து என் மேசைக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். எழுதியிருந்த தாளைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“நானும் படிச்சேனேம்மா,” என்றார். “எனக்கும் தெரியலியே.”

“கேட்டா தெரியாது சார். பாத்தாதான் தெரியும்.”

வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். சார் அவர்களை உள்ளே வந்து உட்காரச் சொல்லிவிட்டு, அண்ணனிடம், “இந்தப் படத்தையும் பத்திரத்தோட சேத்துடலாம், பின்னால யாருக்கும் சந்தேகம் வராது” என்றார். பிறகு என்னிடம், “பென்சில்ல வேணாம், பிலோமினா. இங்க்ல, அளவு போட்டு, சுத்தமா வரஞ்சி குடு. அவசரமே இல்ல” என்றார்.

புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டேன். தம்பி நாற்காலியை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஸ்கேலை வைத்து, மேற்கு ஓரத்தில் முதலில் அந்த வழியை வரைந்தேன்.